வோஜ் மலைகள்: காட்டுக்குள் ஏறி முகட்டில் வெளிவர ஒரு முழுமையான வழிகாட்டி

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், ரைன் நதிக்கு இணையாக வடக்கு தெற்காகப் படுத்திருக்கும் வோஜ் மலைத்தொடரை முதல் முறை நான் காரில் பார்த்தேன். முகட்டுச் சாலையில் ஓட்டிக்கொண்டே போய் ஒரே நாளில் ஐந்து உச்சிகள். வண்டியை நிறுத்துவது, பத்து நிமிடம் நடப்பது, படம் எடுப்பது, கிளம்புவது. சாயங்காலம் படங்களைப் புரட்டியபோது எந்தப் புல்வெளி எந்த உச்சி என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஆண்டு மெட்சரால் கிராமத்தில் ரயிலை விட்டு இறங்கி, நாலு மணி நேரம் மரங்களுக்கு நடுவே ஏறிப் போனேன். கடைசி மரம் முடிந்த இடத்தில் வானம் மொத்தமாகத் திறந்தது. இந்த மலைகள் உயரத்துக்குப் பேர்போனவை அல்ல, மிக உயரமான உச்சியான கிரான் பலோனே 1424 மீட்டர்தான். ஆனால் இருண்ட காட்டிலிருந்து வெட்டவெளிப் புல்வெளிக்குள் கால் வைக்கும் அந்த ஒரு நிமிடம் இங்கே கிடைப்பதுபோல வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. காரில் மேலே போய் இறங்குபவர்களுக்கு அது கிடைக்காது. அதனால் இந்த வழிகாட்டி கீழிருந்து நடந்து ஏறுபவர்களுக்காக எழுதியது. கார் தேவைப்படும் இடத்தை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

வோஜ் மலைகளும் ரைனுக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியில் இருக்கும் கருங்காடும் ஒரு காலத்தில் ஒரே மலைத்திரள். நடுப்பகுதி பிளந்து கீழே இறங்கியதால் ரைன் சமவெளி உண்டானது, இரண்டு விளிம்புகளும் எதிரெதிர் மலைகளாக நின்றுவிட்டன. முகட்டில் நின்று கிழக்கே பார்த்தால் கருங்காடு கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல நிற்பது இதனால்தான்.

நடக்கிறவருக்கு இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கிழக்குப் பக்கம், அதாவது அல்சாஸ் பக்கம், சரிவு செங்குத்து. பனியுகப் பனியாறுகள் அங்கே கிண்ணம்போலக் குடைந்து பாறைச் சுவர்களையும் சின்னச் சின்ன ஏரிகளையும் விட்டுப் போயின. மேற்கே லொரேன் பக்கம் மெதுவான இறக்கம், நீளமான பள்ளத்தாக்குகள், பெரிய ஏரிகள். உச்சிகளுக்குப் பெயர் வாங்கித் தரும் காட்சிகள் எல்லாம் கிழக்கிலிருந்து ஏறும்போதுதான் வரும். மேற்கிலிருந்து ஏறினால் மூச்சு வாங்காது, ஆனால் மலையின் முகத்தைப் பார்க்காமலே தலைக்குப் போய்விடுவீர்கள்.

மழையும் அப்படித்தான். மேற்கிலிருந்து வரும் மேகம் முகட்டில் மோதிக் கொட்டுகிறது. உயரங்களில் ஆண்டுக்குச் சுமார் 2000 மில்லிமீட்டர் பெய்யும்போது, அடிவாரத்துக் கொல்மார் நகரம் 600 மில்லிமீட்டர் அளவில் பிரான்சின் வறண்ட ஊர்களில் ஒன்றாக இருக்கிறது. அடிவாரம் முழுக்கத் திராட்சைத் தோட்டமாக இருப்பதற்கு இந்த மழை மறைவும் ஒரு காரணம். கொல்மாரில் வெயில் அடிக்கிறதே என்று மழைச்சட்டையை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

காடு கீழே பீச் என்ற இலையுதிர் மரம், அதற்கு மேல் ஃபர், ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்கள். 1200 மீட்டரைத் தாண்டினால் மறுபடியும் பீச் மரங்கள், ஆனால் காற்றிலும் பனியிலும் குட்டையாகி முறுக்கிக்கொண்டு நிற்கும். அதற்கும் மேலே புல்வெளி. உள்ளூரில் ஷோம் என்பார்கள். காற்று பலமாக அடிக்கும் சில இடங்களில் மரம் இயல்பாகவே வளர்வதில்லை. மற்ற இடங்களில் நூற்றாண்டுகளாக மாடு மேய்த்தவர்கள் காட்டை வெட்டி விரித்த புல்வெளி அது.

வழியில் ஸ்ப்ரூஸ் மரங்கள் கூட்டம் கூட்டமாகப் பழுப்பேறிச் செத்து நிற்பதையும் பார்ப்பீர்கள். 2018-க்குப் பிறகு வந்த வறட்சிகளில் சோர்ந்துபோன மரங்களைப் பட்டைத் துளைப்பான் வண்டுகள் தின்று தீர்க்கின்றன. காட்டைப் பற்றி எழுதும்போது பச்சையை மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அப்படிச் செத்து நிற்கும் மரங்களுக்கு அடியில், காற்று அடிக்கும் நாளில், உட்கார்ந்து சாப்பிட வேண்டாம்.

பெயர்களையும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். அல்சாஸ் பக்கத்துப் பெயர்கள் ஜெர்மன் குடும்பத்துப் பேச்சு வழக்கிலிருந்து வந்தவை. ‘கோப்ஃப்’ என்று முடிந்தால் தலை, அதாவது உச்சி. ‘ரீட்’ என்றால் சதுப்பு. முகட்டின் பிரெஞ்சு பேசும் மேற்குப் பக்கத்தில் ‘கசோன்’ என்று தொடங்கினால் புல்வெளி. வரைபடத்தைப் பார்த்ததுமே எங்கே மரம் இருக்காது, எங்கே கால் நனையும் என்று பாதி தெரிந்துவிடும்.

எப்போது போவது

இரண்டு பதில்கள் இருக்கின்றன, உங்களுக்கு எது வேண்டும் என்பதைப் பொறுத்து.

நடப்பதற்கும் ஏரிகளுக்கும் பூக்களுக்கும் என்றால் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய. ஜூனில் சூரியன் மறைய ஒன்பதரை மணி ஆகிவிடும், அவசரமே இல்லை. ஜூலையில் ஊதா நிற டிஜிட்டாலிஸ் பூக்கள் காட்டோரமெல்லாம் நிற்கும். அழகான செடி, ஆனால் கொடிய நச்சு. குழந்தைகள் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூரத்துக் காட்சிக்கு என்றால் அக்டோபர் கடைசி, நவம்பர். கோடையில் வெயில் எவ்வளவு அடித்தாலும் காற்றில் ஒரு மங்கல் இருக்கும், கருங்காட்டைத் தாண்டி ஒன்றும் தெரியாது. இலையுதிர் காலத்தில் காற்றழுத்தம் உயர்ந்து வானிலை அசையாமல் நிற்கும் நாட்களில் குளிர்ந்த காற்று கனத்துப்போய் ரைன் சமவெளியில் தேங்கிவிடும். அதில் மூடுபனி கட்டும். மேலே வெதுவெதுப்பான, உலர்ந்த, துடைத்த காற்று. கொல்மாரில் மூன்று நாளாகச் சூரியனே தெரியவில்லை என்று அங்குள்ளவர்கள் சலித்துக்கொள்ளும் அதே நாளில், முகட்டில் நின்றால் காலடியில் மேகக் கடல், தெற்கே ஆல்ப்ஸ் வரிசை. பிரான்சின் வானிலைத் துறை முன்னறிவிப்பில் ‘சமவெளியில் மூடுபனி, மலையில் வெயில்’ என்ற பொருளில் ஒரு வரி வந்தால் மறுநாள் விடுப்பு போட்டுவிடுங்கள்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மேலே பனி. அது தனிக் கலை. பனிக்காலணியும் அனுபவமும் இல்லாதவர்கள் வழிகாட்டியோடு மட்டும் போங்கள்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது

பாரிஸின் கார் து லெஸ்ட் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஸ்த்ராஸ்பூருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், கொல்மாருக்கு ஏறத்தாழ இரண்டரை. கொல்மாரில் மாறி மன்ஸ்தெர் பள்ளத்தாக்கு ரயிலில் ஏறினால் மன்ஸ்தெர் அரை மணி நேரத்தில் வந்துவிடும். அந்த ரயிலின் கடைசி நிலையம்தான் மெட்சரால், மலையின் காலடியில்.

என் பரிந்துரை மன்ஸ்தெர். கடை, மருந்தகம், பேக்கரி எல்லாம் உண்டு, கார் இல்லாமலே இரண்டு மூன்று நாள் நடக்கலாம். தெற்குப் பகுதிக்கு மட்டும் என்றால், மியூலூஸிலிருந்து ரயிலில் போகக்கூடிய தான் நகரம் வசதி. மேற்குப் பக்கம் தங்க நினைத்தால் 115 ஹெக்டேர் ஏரியின் கரையில் இருக்கும் ஜெரார்மே. எழுத்தில் கடைசியில் ஒரு ‘ர்’ இருக்கும், உள்ளூரில் அதை உச்சரிப்பதில்லை. குடும்பமாக, சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஜெரார்மே நல்லது, மற்றவர்களுக்கு மன்ஸ்தெர்.

கோடையில் குறிப்பிட்ட நாட்களில் முகட்டுக்குப் பேருந்து விடுகிறார்கள். தினமும் ஓடாது. கிளம்பும் வாரத்தில் நேரப் பட்டியலைப் பார்த்துவிட்டு மட்டும் திட்டமிடுங்கள்.

பாதைக் குறியீடுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பிரான்சின் மற்ற மலைகளில் நடந்தவர்கள் இங்கே வந்து குழம்புவார்கள். நெடும்பாதைகளுக்கு நாடு முழுக்க வெள்ளை சிவப்புக் கோடு, இங்கே அது கிடையாது. காரணம் வரலாறு. இந்தப் பாதைகளை அமைத்துக் காத்து வரும் க்ளப் வோஜியன் சங்கம் 1872-இல் சவெர்ன் நகரில் தொடங்கியது. முந்தைய ஆண்டுதான் அல்சாஸ் ஜெர்மனியின் கைக்குப் போயிருந்தது. பிரெஞ்சு நெடும்பாதைகள் என்ற ஏற்பாடே வருவதற்கு வெகு காலம் முன்பே இவர்களுக்கென்று ஒரு குறியீட்டு முறை இருந்ததால், அதையே வைத்துக்கொண்டார்கள். இன்றும் தன்னார்வலர்கள்தான் தூரிகையோடு போய் வண்ணம் புதுப்பிக்கிறார்கள்.

செவ்வகம் என்றால் நெடும்பாதை. சிவப்புச் செவ்வகம் எல்லாவற்றிலும் முக்கியமானது, ஹாலந்துக் கடற்கரையிலிருந்து மத்தியதரைக் கடல் வரை போகும் ஜி.ஆர். 5 முகட்டின் மீது இந்தச் சிவப்பில்தான் ஓடுகிறது. வழி தவறினால் சிவப்புச் செவ்வகத்தைத் தேடுங்கள், அது உங்களை ஒரு கணவாய்க்கோ ஊருக்கோ கொண்டு சேர்க்கும். வட்ட வளையம் என்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்றுப்பாதை. சாய்சதுரம், முக்கோணம், சிலுவை, நிறைந்த வட்டம் எல்லாம் உள்ளூர்ப் பாதைகளுக்கு.

குறியின் வடிவமும் நிறமும் இரண்டும் சேர்ந்துதான் ஒரு பாதை. காலையில் கிளம்பும்போது அன்றைய குறிகளை ஒரு துண்டுத் தாளில் வரைந்து சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். ‘நீல முக்கோணம், ஏரி வரை. அப்புறம் சிவப்புச் செவ்வகம்’ என்று. கைபேசியில் வரைபடம் இருந்தாலும் பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும், குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். 25,000-க்கு ஒன்று அளவுள்ள தாள் வரைபடத்தை மன்ஸ்தெரிலோ கொல்மாரிலோ புத்தகக் கடையில் வாங்கிவிடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

முதல் நாள்: ஓனெக், கீழிருந்து

1363 மீட்டர் ஓனெக் உயரத்தில் மூன்றாவதுதான். 1366 மீட்டர் ஷ்டோர்க்கன்கோப்ஃப் அதை மூன்று மீட்டரில் முந்துகிறது. ஆனால் வோஜ் மலையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது ஓனெக்.

காலை ரயிலில் மெட்சரால் வந்து இறங்குங்கள். நிலையம் கிட்டத்தட்ட 480 மீட்டரில், ஆக 900 மீட்டர் ஏற்றம். மேலே போய்த் திரும்ப ஏழு மணி நேரமாவது ஒதுக்குங்கள். எட்டு மணிக்குள் நடக்கத் தொடங்கினால் நல்லது.

ஊரைத் தாண்டி ஃபெஷ்ட் ஆற்றோரமாகப் போகும் சின்னச் சாலை ஷ்டைனாப்ரூக் என்ற இடத்தில் முடியும். வோர்ம்சா பள்ளத்தாக்கு அங்கிருந்து தொடங்குகிறது. பனியாறு தேய்த்துவிட்டுப் போன பள்ளம் இது. வீட்டளவு பாறைகள் பாசி மூடி மரங்களுக்கிடையே கிடக்கும். ஓடையின் சத்தம் கூடவே வரும். பாதை அகலமாகத்தான் இருக்கும், ஆனால் கல் கல்லாக, ஈரமாக இருக்கும். கணுக்கால் வரை பிடிக்கும் காலணி இங்கே தன் வேலையைக் காட்டும்.

ஒரு மணி நேரம் போனால் ஃபிஷ்போட்லே ஏரி, 794 மீட்டரில். ஏரி என்று சொல்வதைவிடப் பாறைச் சுவர்களுக்கு நடுவே வைத்த ஒரு கை நீர் என்று சொல்லலாம், அவ்வளவு சின்னது. 19-ஆம் நூற்றாண்டில் மன்ஸ்தெரின் நெசவாலை முதலாளிக் குடும்பமான ஹார்ட்மன் குடும்பத்தினர் அணை கட்டி உருவாக்கியது. பார்த்தால் மனிதர் கட்டியது என்று நம்ப முடியாது. காலைச் சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு முன்பு வந்தால் உங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

அங்கிருந்து ஏற்றம் கடுமையாகிறது. அருவியோரமாக வளைந்து வளைந்து ஏறினால் ஷீஸ்ரோட்ரீட் ஏரி, சுமார் 920 மீட்டர். இதுவும் அணைக்கட்டு ஏரிதான், ஆனால் விரிந்தது. இங்கிருந்துதான் முதல் முறையாக ஓனெக்கின் கிழக்குச் சுவர் முழுதாகத் தெரியும். ஜூன் தொடக்கத்தில்கூட அதன் இடுக்குகளில் பழைய பனி வெள்ளைக் கோடுகளாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஏரியின் மேல் விளிம்பிலிருந்து ஷேஃபர்தால் கணவாய் நோக்கி ஏறுங்கள், 1228 மீட்டர். இதற்குள் பீச் மரங்கள் குட்டையாகிவிட்டிருக்கும், கிளைகளெல்லாம் ஒரே திசையில் சாய்ந்து. சட்டென்று மரம் நின்றுவிடும். நான் முதலில் சொன்ன நிமிடம் இதுதான். இடப்பக்கம் ஓனெக், வலப்பக்கம் 1289 மீட்டர் சின்ன ஓனெக், நடுவில் புல்லும் காற்றும் மட்டும்.

இங்கே கொஞ்சம் உட்காருங்கள். பாறை விளிம்புகளைக் கண்ணால் துழாவினால் ஷாம்வா தெரியும், வரையாடு போன்ற மலை விலங்கு. 1956-இல் கருங்காட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள்தான் இன்று இங்கே மேய்பவை. மனிதரைக் கண்டு ஓடாது என்றாலும் நெருங்க வேண்டாம். தொலைநோக்கி இருந்தால் போதும்.

கடைசி ஏற்றம் அரை மணி நேரம். உச்சியில் கட்டடமும் காரில் வந்தவர்களும் இருப்பார்கள், அதற்காக மனம் தளர வேண்டாம். திசை காட்டும் வட்ட மேடையில் நின்று மேற்கே பாருங்கள். லோன்ழ்மேர், ரெதூர்னமேர் ஏரிகளின் பள்ளத்தாக்கு காட்டுக்கு நடுவே ஓடும். கிழக்கே நீங்கள் ஏறி வந்த பள்ளம், அதன் முடிவில் மன்ஸ்தெர், அப்பால் ரைன் சமவெளி. நடந்து வந்த வழி முழுதும் ஒரே பார்வையில் தெரிவது உங்களுக்கு மட்டும் கிடைத்த பரிசு.

திரும்பும்போது ஏறிய வழியில் இறங்க வேண்டாம். முழங்கால் தாங்காது, பார்த்ததையே பார்க்க வேண்டியும் இருக்கும். ஷேஃபர்தாலுக்குத் திரும்பி, சின்ன ஓனெக்கைத் தாண்டி காஷ்னே வழியாக முல்பாக் கிராமத்துக்கு இறங்குங்கள். அங்கேயும் அதே ரயில் நிற்கும். கடைசி ரயில் எப்போது என்று காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உயரத்துக்கு அஞ்சாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 1139 மீட்டர் ஷ்லுக்த் கணவாயிலிருந்து தொடங்கும் ‘பாறைப் பாதை’, செந்தியே தே ரோஷ். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு, செங்குத்துச் சரிவின் குறுக்கே வெட்டியது. கைப்பிடிக் கம்பிகள், படிகள், மரப்பாலங்கள் உண்டு. மூன்று கி.மீ. போய் ஃபிராங்கன்தால் கிண்ணத்தில் இறங்கி, அங்கிருந்து ஓனெக்குக்கு ஏறி, முகட்டு வழியாக ஷ்லுக்துக்குத் திரும்பலாம், நாலைந்து மணி நேரம். தூரம் குறைவு என்று ஏமாற வேண்டாம். பனி இருக்கும்போது இந்தப் பாதையில் உயிர்ச் சேதம் நடந்திருக்கிறது. வசந்தத்தில் நிழலான இடங்களில் இறுகிய பனி மே வரைகூடக் கிடக்கும். மழை நாளிலும் போகாதீர்கள். சிறு பிள்ளைகளை ஒருபோதும் கூட்டிப் போகாதீர்கள்.

இரண்டாம் நாள்: எல்லைக் கற்களின் வழியே

ஷ்லுக்திலிருந்து வடக்கே முகட்டின் மீது வெள்ளை ஏரி வரை, சிவப்புச் செவ்வகத்தைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். முதல் நாள் ஏற்றத்துக்கு இது ஓய்வு. முதலில் 1292 மீட்டர் தானெ, பாறைகள் துருத்திக்கொண்டு நிற்கும் உச்சி. அப்புறம் கசோன் து ஃபேத், கசோன் து ஃபேன், இரண்டும் 1300 மீட்டரைத் தொடும் நீண்ட புல்வெளிகள். வலப்பக்கம் நிலம் சட்டென்று முடிந்து, கீழே பச்சை ஏரியும் ஃபோர்லே ஏரியும் கிண்ணத்தில் ஊற்றியதுபோலத் தெரியும்.

பாதையோரம் முட்டளவு கற்களைக் கவனியுங்கள். ஒரு பக்கம் பிரான்சுக்கு ‘எஃப்’, மறு பக்கம் டாய்ச்லாந்துக்கு, அதாவது ஜெர்மனிக்கு, ‘டி’ என்று பொறித்திருக்கும். 1871 முதல் 1918 வரை பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் எல்லை இந்த முகடுதான். ஒரு காலை இந்தப் பக்கமும் மறு காலை அந்தப் பக்கமும் வைத்து நிற்கும்போது, இந்தக் கல்லை நகர்த்த எத்தனை பேர் செத்தார்கள் என்ற எண்ணம் எனக்கு வராமல் இருந்ததில்லை.

இந்தப் பகுதி 1988 முதல் இயற்கைக் காப்பகம். காரணம் முக்கியமாக ஒரு பறவை, காட்டுச் சேவலைவிடப் பெரிய, கரிய கிரான் தெத்ரா. வோஜ் மலையில் அது ஏறக்குறைய அழிந்தே போய், 2024-இல் நார்வேயிலிருந்து பறவைகளைக் கொண்டுவந்து விடத் தொடங்கினார்கள். வெப்பம் ஏறிவரும் மலையில் அது பிழைக்குமா என்று ஊரே பிரிந்து வாதாடுகிறது. பிழைக்க வேண்டும் என்பது என் ஆசை. குளிர்காலத்தில் அது ஊசியிலைகளைத் தின்று மிகக் குறைந்த சக்தியில் உயிர் வாழும். யாராவது பாதையை விட்டு விலகி அதைப் பறக்க வைத்தால், அந்தச் சேமிப்பு வீணாகிவிடும். அதனால் இங்கே பாதையை விட்டு ஒரு அடிகூட விலகாதீர்கள், சத்தமாகப் பேசாதீர்கள்.

வெள்ளை ஏரியின் மேலே பாறை விளிம்பு ஒன்று துருத்தி நிற்கும், பெல்மோன் பாறை. ஏரி உங்கள் காலடிக்கு இருநூறு மீட்டர் கீழே. ஏரியின் ஆழம் 72 மீட்டர் என்பதை அந்த இடத்தில் நின்று நினைத்துப் பாருங்கள். விளிம்பில் வேலி இருக்கும் என்று நம்பிப் பிள்ளைகளின் கையை விட வேண்டாம்.

மலைப் பண்ணைச் சாப்பாடு

முகட்டின் இருபக்கமும் மாட்டுப் பண்ணைகள் சமைத்துப் போடுகின்றன. ஃபெர்ம்-ஓபெர்ஜ் என்று பலகை இருக்கும். முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் கருப்பு மாடுகள் வெளியே மேய்ந்தால் அதுதான் வோஜியன் இனம், மன்ஸ்தெர் சீஸின் மூலம். பெரும்பாலும் மே முதல் அக்டோபர் வரை திறந்திருப்பார்கள், வாரத்தில் ஒரு நாளாவது மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை முன்பதிவு இல்லாமல் போனால் பசியோடுதான் திரும்ப வேண்டும்.

மேய்ப்பர் சாப்பாடு என்று ஒன்று உண்டு. இறைச்சி அடைத்த தூர்த், புகையிட்ட பன்றிக் கழுத்துக்கறி, வெங்காயத்தோடு மணிக்கணக்கில் மெதுவாக வேகவைத்த உருளைக்கிழங்கு, மன்ஸ்தெர், கடைசியில் மிர்த்தி என்ற காட்டு நீலப்பழம் போட்ட டார்ட். பன்றியும் மாடும் சாப்பிடாதவர்கள் உருளைக்கிழங்கிலும் பன்றிக்கொழுப்புத் துண்டு இருக்கலாம் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சுத்த சைவர்களுக்கு மன்ஸ்தெரும் ஒத்துவராது, பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பை நொதிதான் சேர்க்கிறார்கள். ஆம்லெட், சாலட், டார்ட் கிடைக்கும். முந்தின நாள் தொலைபேசியில் சொல்லி வைத்தால் முகம் சுளிக்காமல் செய்து தருகிறார்கள். சில இடங்களில் அட்டை வாங்க மாட்டார்கள், கையில் பணம் வைத்திருங்கள்.

கவனமாக இருக்க வேண்டியவை

மூடுபனிதான் இந்த மலையின் பெரிய ஆபத்து. தட்டையான முகட்டில் பத்து நிமிடத்தில் எதிரே நிற்பவர் தெரியாமல் போய்விடும், கிழக்கு விளிம்போ நூறு தப்படியில் இருக்கும். மூடுபனி வந்தால் குறியிலிருந்து குறிக்கு நடங்கள், அடுத்த குறி தெரியாமல் இருக்கும் குறியை விட்டு நகராதீர்கள். பனிக்காலத்தில் விளிம்பில் காற்று சேர்த்து வைக்கும் பனிக்கூரை திடமான தரைபோலவே தோன்றும், அதற்குக் கீழே வெற்றிடம்.

கோடைப் பிற்பகல்களில் இடி. இரண்டு மணிக்குள் புல்வெளியை விட்டு இறங்கிவிடும்படி திட்டமிடுங்கள்.

உண்ணிகள் ஏராளம், அவை பரப்பும் லைம் நோய் அல்சாஸில் சாதாரணமாகக் காணப்படுவது. நீளக் காற்சட்டை, அதன் நுனி காலுறைக்குள். இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின் எல்லாம் தடவிப் பாருங்கள். மருந்தகத்தில் உண்ணி எடுக்கும் சின்னக் கொக்கி விற்கிறார்கள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சில நாட்களில் சிவப்பு வட்டம் விரிந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

மிர்த்திப் பழம் ஆகஸ்டில் பாதையெங்கும் கண்ணைப் பறிக்கும். பச்சையாகப் பறித்துத் தின்னாதீர்கள். நரிகளின் கழிவிலிருந்து பரவும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை அதில் இருக்கலாம், ஈரலைத் தாக்கும் நோய் அது. நன்றாகச் சமைத்தால் பயமில்லை. காப்பகங்களில் பறிப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு, பலகையைப் படியுங்கள்.

கன்றோடு நிற்கும் மாட்டைச் சுற்றிப் போங்கள். நீங்கள் திறந்த வேலிக் கதவை மூடிவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு 112.

நேரம் இருந்தால் தெற்கும் வடக்கும்

தெற்கே 1247 மீட்டர் பலோன் தால்சாஸ், 1905-இலேயே தூர் து ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயம் ஏறிய மலை. மேலே ழான் தார்க், அதாவது ஜோன் ஆஃப் ஆர்க், சிலையாகக் குதிரைமேல் அமர்ந்திருக்கிறாள். சுற்றிவர ஒரு மணி நேரம் போதும், முதியவர்களோடு போக ஏற்ற இடம். வடக்கே 1009 மீட்டர் தொனோன், ரோமானியர் காலத்தில் மெர்குரி தெய்வத்தை வழிபட்ட மலை. உச்சியில் இருக்கும் கற்கோயில் 1869-இல் கட்டியது. அங்கே பாறை இளஞ்சிவப்பு மணற்கல், தெற்குப் பக்கத்துக் கிரானைட் அல்ல. 764 மீட்டர் சாந்த் ஓதில் மலையில் பத்து கி.மீ. நீளத்துக்குக் காட்டுக்குள் ஓடும் பழைய கல்மதில் இருக்கிறது. காட்சியைவிட அந்த மதிலுக்காகவே போகலாம்.

ஹார்ட்மன்ஸ்வில்லர்கோப்ஃப் உச்சிக்கு ஒரு அரை நாள் தனியாக ஒதுக்குங்கள். 956 மீட்டர்தான். முதல் உலகப் போரில் இந்தத் தலைக்காக இரு படைகளும் மாறி மாறி மோதின, நினைவிடத்தின் அடியில் அடையாளம் தெரியாத 12,000 வீரர்களின் எலும்புகள் இருக்கின்றன. பதுங்குகுழிகள் காட்டுக்குள் அப்படியே கிடக்கின்றன, சில இடங்களில் பிரெஞ்சுக் குழிக்கும் ஜெர்மன் குழிக்கும் இடையே சில மீட்டர்தான். பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து எழுப்பிய அருங்காட்சியகம் 2017-இல் திறந்தது. முதலில் அதைப் பார்த்துவிட்டு மேலே நடங்கள். துருப்பிடித்த முள்கம்பியும் குழியும் இருப்பதால் பாதையை விட்டு விலக வேண்டாம்.

கடைசி நாள்: கிரான் பலோன், விடியலில்

இந்த ஒன்றுக்கு மட்டும் கார் வேண்டும். அக்டோபர் கடைசி வாரம், நான் சொன்ன அந்த அசையாத வானிலை நாள். கடிகாரம் மாறுவதற்கு முன்பு சூரியன் எட்டு மணிவாக்கில்தான் எழும், அதனால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தான் நகரத்திலிருந்து ஆறேகாலுக்குக் கிளம்புங்கள். மூடுபனிக்குள் மெதுவாக ஓட்டிப் போகவே நேரம் பிடிக்கும். முகட்டுச் சாலையை முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படை தன் முனைக்குச் சரக்குக் கொண்டுபோகப் போட்டது, எதிரி கண்ணில் படாதபடி பெரும்பாலும் மேற்குச் சரிவோடு போகும். பனி விழுந்தபின் அதன் சில பகுதிகளை வசந்தம் வரை மூடிவிடுவார்கள், கிளம்புமுன் விசாரியுங்கள்.

சாலையிலிருந்து உச்சிக்கு இருபது நிமிட நடை. தலைவிளக்கு, கையுறை, காற்றுத் தடுக்கும் மேலங்கி. ஃபிளாஸ்க்கில் சூடாக ஏதாவது. 1424 மீட்டரில் ரேடார் கோளமும் மலைப் படைவீரர் நினைவுச் சின்னமும் இருட்டில் தெரியும். சின்னத்துக்குப் பக்கத்தில் காற்று மறைவாக நில்லுங்கள், முகம் தெற்கே.

முதலில் கிழக்கே கருங்காட்டின் கோடு சிவக்கும், அதில் உயர்ந்து தெரிவது 1493 மீட்டர் ஃபெல்ட்பெர்க். சமவெளி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கடல். அப்புறம் தென்கிழக்கே பல்வரிசைபோல ஒன்று மெல்ல இளஞ்சிவப்பாகும், ஐகர், மோன்க், யூங்ஃப்ராவ், 160 கி.மீ. தூரத்தில். பார்வையை வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே வாருங்கள். நேர் தெற்கில், சின்னஞ்சிறு வெள்ளைக் கூம்பாக, மோன் பிளான். 230 கி.மீ. அப்பால்.

சூரியன் ஏறியதும் எல்லோரும் காருக்குத் திரும்புவார்கள். நீங்கள் திரும்ப வேண்டாம். வடக்குச் சரிவில் 986 மீட்டரில் பலோன் ஏரி இருக்கிறது, இறங்கி ஏற மூன்று மணி நேரம். பீச் இலைகள் கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கும், அடியில் கல் இருக்கும், மெல்லக் கால் வையுங்கள். ஏரிக்கரையில் மீதியிருக்கும் காப்பியைக் குடித்துவிட்டு மறுபடி ஏறுங்கள். காட்டு விளிம்பை நீங்கள் தாண்டும்போது முகட்டில் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள்.